வீட்டுக்கு வாக்கா, ஆளுக்கு வாக்கா?

"வரி கட்டுகிறோம், வாக்கு எங்கே?"

இப்படி ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது. எழுப்புவோர் ஏழையரல்லர், இடமற்றோருமல்லர். சென்னையிலோ பெங்களூரிலோ குடியிருந்துகொண்டு, இராணிப்பேட்டையிலோ மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ இரண்டாவது வீடொன்றை வைத்திருப்போர். பூர்வீக வீட்டைப் பூட்டிச் சாவியைப் பெரியமேட்டுக்கு எடுத்துச் சென்றவர் சிலர். வாடகைக்கென வரிசை வீடுகள் கட்டி விட்டவர் சிலர். வெயிலுக்கு ஒதுங்க ஏலகிரி மலையில் மாளிகை எழுப்பியவர் சிலர். அவர்கள் கூறுவது இது: அரையாண்டு தவறாமல் சொத்து வரி செலுத்துகிறோம், அந்தப் பணத்தில்தான் தெருவிளக்கு எரிகிறது, சாக்கடை தூர்வாரப்படுகிறது, குப்பை அள்ளப்படுகிறது, ஆனால் அந்தப் பணத்தைச் செலவிடும் மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எங்களை அழைப்பாரில்லை, சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வேண்டாம், உள்ளாட்சித் தேர்தலிலேனும் எங்களுக்கு ஒரு வாக்குக் கூடாதா?

கேட்பதற்கு இனிக்கும் வாதம். நியாயத்தின் நிறமும் அதற்கு உண்டு. ஆகவே சிரித்துத் தள்ளிவிடாமல், எடுத்து, விரித்து, உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். ஏன், எதற்கு, எப்படி என்று கேட்டுப் பழகியவர்களல்லவா நாம்! ஆண்டவன் பெயரால் சொல்லப்பட்டதையே கேள்வி கேட்ட நாம், வரிச் சீட்டின் பெயரால் சொல்லப்படுவதைக் கேள்வி கேட்கத் தயங்குவானேன்?

சட்டம் சொல்வது என்ன?

முதலில் சட்டத்தின் நிலையைத் தெளிவாக்கிக் கொள்வோம். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒரு தொகுதியில் வழக்கமாகக் குடியிருப்பவரே அத்தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெறத் தகுந்தவர் என்கிறது. அத்துடன் நிற்கவில்லை. வழக்கமாகக் குடியிருத்தல் என்றால் என்ன என்ற ஐயம் எழும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, இருபதாம் பிரிவில் ஓர் அரண் கட்டி வைத்திருக்கிறது. ஓரிடத்தில் ஒருவருக்குச் சொந்த வீடு இருக்கிறது, அல்லது வீடு அவர் கைவசம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தைக் கொண்டு அவரை அங்கே குடியிருப்பவராகக் கருதலாகாது என்பதே அந்தப் பிரிவின் பொருள். பதினேழாம் பிரிவோ, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பெயர் பதிவு செய்துகொள்ளலாகாது என்கிறது. மீறி இரண்டு தொகுதிகளில் வாக்களித்தால் இரண்டும் செல்லாது என்கிறது 1951ஆம் ஆண்டின் சட்டம்.

தமிழ்நாட்டின் உள்ளாட்சித் தேர்தல்களுக்குத் தனியாக வேறொரு மக்கள் கணக்கு எடுக்கப்படுவதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலே வார்டு வாரியாகப் பிரிக்கப்பட்டு உள்ளாட்சிப் பட்டியலாகிறது. எனவே சட்டமன்றத்துக்கு எவர் வாக்காளரோ, அவரே நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் வாக்காளர். வீட்டுக்காரர்கள் கேட்பது இந்த ஏற்பாட்டில் ஒரு சிறு திருத்தம்போலத் தோன்றும். திருத்தமன்று அது; அடிப்படையையே புரட்டிப் போடும் மாற்றம். ஆளுக்குரியதாக இருக்கும் வாக்கை ஆதனத்துக்குரியதாக ஆக்கும் முயற்சி!

"சட்டம் சொன்னால் போதுமா? சட்டம் தவறாக இருக்கலாகாதா?" என்று கேட்பர். கேட்கட்டும். சட்டத்தைக் காட்டி வாயடைப்பது பகுத்தறிவாளர் வேலையன்று. அந்தச் சட்டம் எந்தக் கொடுமையை ஒழிக்கப் பிறந்தது என்பதைப் பார்ப்போம்.

உத்திரமேரூரும் உண்மையும்

இராணிப்பேட்டைக்குத் தென்கிழக்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்குள்ள கோயில் சுவரில் இருக்கிறது. குடவோலை முறையை விளக்கும் கல்வெட்டு. "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் நாட்டில் மக்களாட்சி!" என்று மேடைதோறும் முழங்கப்படும் கல்வெட்டு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய வேளையில், தலைமை அமைச்சரின் உரையிலும் அது இடம் பெற்றது.

பெருமைப்படத்தக்க செய்திகள் அதில் இல்லாமலில்லை. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மீண்டும் இடமில்லை. அவன் நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை என்கிறது. இன்றைய மன்றங்களுக்கும் அது தேவைப்படும் பாடந்தான். ஆனால் உறுப்பினராவதற்கு உரிய தகுதிகளைப் படியுங்கள். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதமும் மந்திரமும் அறிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால், வேதப் படிப்பு இன்னும் மிகுதியாக இருக்க வேண்டும்! அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. பிராமணர் ஊரின் பிராமணர் சபை. தகுதியுடையோரின் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தனர். வாக்கு எண்ணப்படவில்லை, சீட்டு எடுக்கப்பட்டது.

அந்த ஊரின் வயலில் உழுதவன் எங்கே? ஏரியில் மண் சுமந்தவள் எங்கே? தறி நெய்தவன், தோல் பதனிட்டவன், துணி வெளுத்தவன் எங்கே? அவர்கள் பெயர் குடத்துக்குள் போகவில்லை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் இல்லாதவன் ஊரின் ஆளல்லன் என்று கருதப்பட்டான்.

இப்போது இரண்டாம் வீட்டுக்காரரின் வேண்டுகோளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரி நிலம், சொந்த மனை! புதிய கருத்தைக் கூறுவதாக அவர்கள் எண்ணுகின்றனர். கூறுவதோ பத்தாம் நூற்றாண்டின் கருத்து. வேதம் மட்டும் விடுபட்டிருக்கிறது, வரிச்சீட்டே வேதமாகிவிட்டது!

வெள்ளையர் வகுத்த வேலி

பழங்காலக் கதை என்று தள்ளிவிடவும் வேண்டாம். நம் பாட்டனார் காலத்திலும் இதுதான் நடந்தது. இராணிப்பேட்டையின் அண்டை ஊரான வாலாஜாப்பேட்டை 1866இலேயே நகராட்சி ஆனது. மாகாணத்தின் மிகப் பழைய நகராட்சிகளுள் ஒன்று. அந்த நாளின் மன்றம் மக்கள் வாக்கால் அமைந்ததன்று. பின்னர்த் தேர்தல் வந்தது. வந்தபோதும் வரி கட்டியவனுக்கே வாக்கு என்ற வேலியோடு வந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாண சட்டமன்றத்துக்கு நடந்த தேர்தல்களில், மக்கள்தொகையில் நூற்றுக்கு மூவர் அளவிலேயே வாக்காளர். அதற்கு மேல் நிலக்கிழார்களுக்குத் தனித் தொகுதி, வணிகர் சங்கங்களுக்குத் தனித் தொகுதி, பல்கலைக்கழகத்துக்குத் தனித் தொகுதி! பணத்துக்கும் பட்டத்துக்கும் நாற்காலி போட்டு வைத்தனர். பாட்டாளியை வாசலிலேயே நிறுத்தினர்.

நீதிக்கட்சி ஆட்சியில், 1921இல், பெண் என்பதற்காக வாக்கு மறுக்கப்படலாகாது என்று சென்னை மாகாண சட்டமன்றம் தீர்மானித்தது. இந்தியாவின் மாகாணங்களுள் இதில் முந்தியது நமது சென்னை. பெருமைதான். ஆனால் சொத்துத் தகுதி என்ற பூட்டு அப்படியே தொங்கியது. சொத்துரிமை இல்லாத பெண்ணுக்குச் சொத்தின் பேரால் வரும் வாக்கு எப்படிக் கிட்டும்? கதவைத் திறந்தாயிற்று என்றனர், படிக்கட்டை எடுத்துவிட்டனர்! அதனாலன்றோ 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப்போலவே சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தது! அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் பிடித்தன. 1989இல் கலைஞர் ஆட்சியில் நிறைவேறியது.

1928இல் சைமன் குழுவின் முன் அம்பேத்கர் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார். நிலம் வாங்கவும் வழியில்லாத, மனை வாங்கினாலும் ஊருக்குள் விடப்படாத மக்களுக்கு, சொத்தை அளந்து வாக்களிப்பது சாதியை அளந்து வாக்களிப்பதேயாகும் என்பதை அவர் வாழ்வே அவருக்குக் கற்பித்திருந்தது. 1950இல் அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. நிலம் கேட்கவில்லை, வரி கேட்கவில்லை, எழுத்தறிவுகூடக் கேட்கவில்லை. வயது வந்தவனா? குடிமகனா? வா, வாக்களி என்றது! 1951–52இல் பதினேழு கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராயினர். இருபதாம் பிரிவு எந்தப் பகையை எதிர்த்துக் கட்டிய அரண் என்பது இப்போது விளங்கும்.

வரியே அளவுகோல் என்றால்?

வரலாறு கிடக்கட்டும், வாதத்தின் உள்ளேயே புகுந்து பார்ப்போம். வரி கொடுத்தவனுக்கு வாக்கு என்பது கொள்கையானால், அந்தக் கொள்கையைப் பாதியில் நிறுத்தலாகாது. அது போகும் தொலைவுக்கு நாமும் போவோம்.

இராணிப்பேட்டையின் தொழிற்கூடங்களுக்குச் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து காலையில் பேருந்திலும் மிதிவண்டியிலும் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் பலர். அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைக் கடந்தால் அவர்களும் தொழில்வரி செலுத்துகின்றனர். அந்த வரி எங்கே போகிறது? வேலை செய்யும் இடத்து உள்ளாட்சிக்கு! நகராட்சி எல்லைக்குள் வேலை செய்பவன் நகராட்சிக்கு வரி கொடுக்கிறான். வாக்கோ அவன் சிற்றூரில். வரிக்கு வாக்கு என்றால், தோல் உரிக்கும் எந்திரத்தருகே நிற்கும் இந்தத் தொழிலாளிக்கும் நகராட்சியில் இரண்டாம் வாக்குத் தர வேண்டும். அவனுக்காக ஒரு குரலேனும் எழுந்ததுண்டா? எழவில்லை! அவன் கொடுப்பதும் வரி, இவர் கொடுப்பதும் வரி. அவன் வரி சம்பளத்திலே பிடிக்கப்பட்டுவிடுவதால் கண்ணுக்குத் தெரியவில்லை. இவர் வரி ரசீதாக வருவதால் உரிமையாகத் தெரிகிறது.

வாடகைக்கு இருப்பவன் செய்தி என்ன? வீட்டு வரி உரிமையாளர் பெயரில் விதிக்கப்படுகிறது. ஆனால் வரி உயர்ந்த மறுமாதமே வாடகை உயரும் விந்தையை அறியாதார் யார்? கட்டுகிறவர் கை ஒன்று; சுமக்கிற முதுகு வேறொன்று.

இன்னும் கேட்போம். ஐந்து வீடு உடையவருக்கு ஐந்து வாக்கா? நான்கு ஊரில் நான்கு வீடென்றால் நான்கு மன்றங்களிலும் அவர் குரலா? ஒரே வீட்டுக்கு அண்ணன் தம்பி எழுவர் பங்காளிகள் என்றால் ஏழு வாக்கா, ஒன்றில் ஏழில் ஒரு பங்கா? வீடு கணவன் பெயரில் இருந்தால் மனைவிக்கு உண்டா, இல்லையா? இல்லையென்றால் 1921க்கு முன்னால் போகிறோம். கம்பெனிகளும் சொத்து வரி செலுத்துகின்றனவே, அவற்றுக்கு? தோல் பதனிடும் ஆலை ஒன்று வீடுகள் பலவற்றைக் காட்டிலும் அதிகமாக வரி செலுத்தும். ஆலைக்கும் ஒரு வாக்குச் சீட்டை நீட்டுவதா? புகைபோக்கியின் விரலிலா மை வைப்பது?

நகைப்புக்காகச் சொல்லவில்லை. நடந்திருக்கிறது! ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரத்தில், 2014இல் செய்த சட்டத்தின்படி, வணிக நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு வாக்கு. குடியிருக்கும் மனிதனுக்கு ஒன்று! 2023இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இலண்டன் நகரத்தின் நடுவே 'சிட்டி' எனப்படும் வணிகப் பகுதியில், நிறுவனங்கள் தம் ஊழியர் எண்ணிக்கைக்கேற்ப வாக்காளர்களை நியமிக்கும் முறை இன்றும் இருக்கிறது. சொத்துக்குக் கதவைத் திறந்தால், முதலில் நுழைவது ஓய்வுபெற்ற ஆசிரியரின் ஓட்டு வீடாக இருக்கலாம். அதன் பின்னாலேயே நுழைவது ஆலையும் அங்காடியுமாகத்தான் இருக்கும்.

அயல்நாட்டுப் பாடம்

வரிக்கு வாக்கு என்போர் தவறாமல் அமெரிக்காவைத் துணைக்கழைப்பர். பிரதிநிதித்துவம் இன்றி வரி இல்லை என்று குடியேற்ற நாட்டார் பிரிட்டனை எதிர்த்து முழங்கினரே என்பர். முழங்கினர், உண்மை. ஆனால் முழங்கியோர் அந்த மண்ணில் குடியிருந்தோர். எங்கோ இருந்துகொண்டு அங்கே வீடு வைத்திருந்தோரல்லர். அந்த முழக்கமிட்ட நாட்டிலேயே பிறகு என்ன நடந்தது? தென் மாநிலங்கள் தலைவரி ஒன்றை விதித்து, கட்டினால்தான் வாக்கு என்றன. கட்ட முடியாத கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் பட்டியலிலிருந்து தள்ளப்பட்டனர். 1964இல் அரசியல் சட்டத்தின் 24ஆம் திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களில் அதை ஒழித்தது. 1966இல் உச்சநீதிமன்றம் மாநிலத் தேர்தல்களிலும் ஒழித்தது. வரியையும் வாக்கையும் முடிச்சுப் போட்டால் அந்த முடிச்சு எவன் கழுத்தில் இறுகும் என்பதற்கு இது சான்று.

வட அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே உள்ளாட்சி வாக்கு வீட்டு வரி செலுத்தும் குடித்தனக்காரருக்கும் அவர் துணைவருக்குமே என்றிருந்தது. ஒண்டுக்குடித்தனக்காரருக்கு இல்லை; பெற்றோர் வீட்டில் வாழும் வயது வந்த மக்களுக்கு இல்லை; கம்பெனிகளுக்கோ கூடுதல் வாக்கு! வீட்டை ஒதுக்குவதும் மன்றம், வீட்டால் வருவதும் வாக்கு. எனவே, வேண்டாத மக்களுக்கு வீடு ஒதுக்காமலிருந்தாலே போதும், அவர்கள் வாக்கும் இல்லாமற்போகும்! 'ஆளுக்கு ஒரு வாக்கு' என்ற முழக்கத்தோடு மக்கள் தெருவுக்கு வந்தனர். 1968 அக்டோபர் 5 அன்று டெரி நகரில் ஊர்வலம் தடியடிக்கு உள்ளானது, உலகமே பார்த்தது. மறு ஆண்டே அந்த முறை மாற்றப்பட்டது. ஆனால் அதற்குள் மூண்ட தீ அணைய முப்பது ஆண்டுகளாயின.

கடல் கடந்த தமிழன் கதையையும் மறப்பதற்கில்லை. இலங்கையில் 1931இல் வயது வந்தோர் வாக்குரிமை வந்தது. ஆயினும் 1930களின் இறுதியில், கிராமச் சபைத் தேர்தலில் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்க்கு வாக்கு மறுக்கப்பட்டது. அந்த மண்ணிலேயே உழைத்து, அந்த மண்ணிலேயே பிள்ளை பெற்று, அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டவர்கள் ஊரின் ஆட்களாகக் கருதப்படவில்லை. ஊராட்சியில் தொடங்கியது, நாட்டாட்சியில் முடிந்தது: 1948இல் குடியுரிமை போயிற்று, அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. வாழ்கிறவனை விலக்கி வைத்துவிட்டு உடைமையைப் பட்டியலில் ஏற்றினால் வரும் விளைவு எதுவென்று தமிழனுக்கு வேறொருவர் சொல்லித் தரத் தேவையில்லை.

இந்த ஊரில் இரவு உறங்குவோர்

இனி நம் ஊருக்கு வருவோம். தேசிங்குராசன் மனைவியின் பெயரால் அமைந்ததாகச் சொல்லப்படும் ஊர் இராணிப்பேட்டை. 2019 நவம்பரில் தனி மாவட்டத் தலைநகராயிற்று. இந்த வட்டாரத்தின் தோல் உலகமெங்கும் காலணியாக நடக்கிறது. ஆனால் அந்தத் தோலைப் பதனிட்ட தண்ணீர் எங்கும் நடக்கவில்லை, இங்கேயே தங்கிவிட்டது. பாலாற்று மணலிலும் கிணற்றிலும் வயலிலும் இறங்கிவிட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. 2025 சனவரியில் இதே வட்டாரத்தின் இதே கேடு குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்! மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவோ மலைபோல் குவிந்து, மழைதோறும் மண்ணுக்குள் கசிந்து கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் நகராட்சி எதை முடிவு செய்கிறது? குடிநீர் எங்கிருந்து வரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், சாக்கடை எந்தத் தெரு வழியே போகும், குப்பைக் கிடங்கு எந்தச் சேரியின் பக்கம் அமையும் என்பதை! அந்தத் தண்ணீரைக் குடிப்பவன் ஒருவன். அந்த வீட்டின் விலை ஏறுமா இறங்குமா என்று பார்ப்பவர் மற்றொருவர். இருவருக்கும் அக்கறை உண்டு. ஆனால் ஒருவனுக்கு அது உயிரின் அக்கறை. மற்றவருக்கு முதலின் அக்கறை. மன்றத்தின் முடிவு பிடிக்கவில்லையென்றால் ஒருவர் வீட்டை விற்கலாம். மற்றவன் எதை விற்பான்?

2015 சனவரி 31ஆம் நாள், பொழுது விடியுமுன், இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கழிவுநீர்ச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் படுத்துறங்கிய பத்துத் தொழிலாளர் அந்த நச்சுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே வீடில்லை. வரிச் சீட்டில்லை. இந்த ஊரின் ஆபத்து மட்டும் முழுமையாக இருந்தது. ஊரின் ஆள் யார் என்ற கேள்விக்கு, வரி ஏட்டைப் புரட்டி விடை தேடுவோர் அந்த இரவை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

மலைக்கும் போய் வருவோம். ஏலகிரியில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். சிறு சிறு ஊர்கள். சில நூறு வாக்குகளிலேயே வார்டின் முடிவு. அங்கே கோடைக்கு வந்து குளிருக்குத் திரும்புவோர் அனைவருக்கும் வாக்கென்றால், மலையின் தண்ணீரையும் மரத்தையும் பாதையையும் பற்றி முடிவு செய்வது யார்? மலையில் வாழ்பவனா, மலையைப் பார்க்க வருபவரா? வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். வராத உறுப்பினர் நிறைந்த கிராம சபை, பாதிக் கூடை ஓட்டை விழுந்த கூடை.

மறுப்புரைகளுக்கு விடை

"வெளிநாட்டில் வேலை பார்ப்பவனுக்கு மட்டும் சொந்த ஊரில் வாக்குத் தந்திருக்கிறீர்களே! மேல்விஷாரத்துப் பிள்ளை வளைகுடாவில் இருந்துகொண்டே பட்டியலில் இடம் பெறலாம். சென்னையில் இருக்கும் எனக்கு ஏன் இல்லை?" என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமையைத் தந்தது, உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இந்தியாவில் வேறெங்கும் வாக்கில்லை. அவன் கடவுச்சீட்டின் முகவரியில் அவனுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. வீடு அவன் பெயரில் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. சென்னை வாசிக்கோ சென்னையில் ஒன்று இருக்கிறது. இங்கே கேட்பது இரண்டாவது. அவன் கேட்டது ஒருவனுக்குரிய பங்கு. இவர் கேட்பது இருவருக்குரிய பங்கு. உண்மையிலேயே இராணிப்பேட்டையின் நன்மையில் நாட்டமிருந்தால் வழி திறந்தே இருக்கிறது: வந்து குடியிருங்கள், சென்னைப் பெயரை நீக்கி இங்கே சேருங்கள். அந்த நாளில் உங்கள் ஒரு வாக்கு எங்கள் ஒரு வாக்கோடு தோளுரசி நிற்கும்.

நம் நண்பர்களிடமிருந்தே வேறொரு கேள்வி வருகிறது. "வாழ்பவனுக்கே வாக்கு என்கிறீர். வடக்கிலிருந்து வந்து குவியும் தொழிலாளரெல்லாம் வாக்காளராகிவிட்டால் தமிழ்நாட்டின் குரல் என்னாகும்?" அச்சம் புரிகிறது. ஆயினும் அச்சத்துக்காக அளவுகோலை மாற்றலாகாது. பருவத்துக்கு வந்து பருவத்தில் திரும்புபவன் இங்கே வழக்கமாகக் குடியிருப்பவனல்லன். அவன் வாக்கு அவன் ஊரில். அதைக் கண்டிப்புடன் ஆராய்வது தேர்தல் அதிகாரிகளின் கடமை. அரசியல் ஆதாயத்துக்காக எவரும் பட்டியலை நிரப்பவிடாமல் காப்பது நம் கடமை. ஆனால் குடும்பத்தோடு இங்கேயே தங்கி, பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்து, பழைய ஊரின் வாக்கைத் துறந்து வந்தவனை எந்த நியாயத்தால் விலக்குவோம்? மும்பைத் தாராவியில் தமிழன் வாக்களிக்கிறானே, அதே நியாயந்தான் இங்கும். இலங்கையில் நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை இராணிப்பேட்டையில் நாம் இழைக்கப் புகுவது இனப்பற்றாகாது.

வீட்டுக்காரருக்குக் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. வரி மிகுதியாக விதிக்கப்பட்டால் முறையிட உரிமை இருக்கிறது. அந்த முறையீடு காலத்தில் கேட்கப்பட வேண்டும். பூட்டிய வீட்டின் முன் குப்பை மலையானால் அள்ளச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கணக்கைக் கேட்க, 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உண்டு. நீதிமன்றம் உண்டு. கொடுத்த வரிக்குக் கேட்க வேண்டியது பணியும் கணக்கும். அவற்றைக் கேட்டால் நாமும் சேர்ந்து குரல் கொடுப்போம். கேட்பது ஆட்சியுரிமை என்றால், அதற்கு விலைப் பட்டியல் கிடையாது!

எந்தக் குறையை எண்ணிக் கவலைப்படுவது?

உண்மையில் வரியும் வாக்கும் பிரிந்து கிடந்த கொடுமை ஒன்று இங்கே நடந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. இராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றும்தான் தேர்தல் வந்தது. ஐந்தாண்டுக்கு மேல் மன்றமே இல்லை. தனி அலுவலர்களின் ஆட்சி. அந்த ஆண்டுகளிலும் வரி நிற்கவில்லை, வசூலிக்கப்பட்டது! குடியிருப்போர் அனைவரும் பிரதிநிதி இல்லாமல் வரி கட்டினர். இன்று இரண்டாம் வீட்டுக்கு வாக்குக் கேட்கும் குரல்கள் அன்று முதல் வீட்டின் வாக்குக்காக எவ்வளவு உயர எழுந்தன?

2025 இறுதியில் தமிழ்நாடெங்கும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. இருபதாம் பிரிவின் சொற்கள் ஒவ்வொரு வாசலிலும் படிவமாக வந்து நின்றன. ஓரிடத்தில் குடியிருப்பதை மெய்ப்பிப்பது எவனுக்கு எளிது, எவனுக்குக் கடினம் என்பதை அப்போது கண்டோம். பத்திரம் உடையவன் பத்திரத்தை நீட்டுகிறான். ஆண்டுக்கொரு வீடு மாறும் வாடகைக்காரன், ஒப்பந்தமே எழுதித் தராத வீட்டுக்காரரிடம் எதை வாங்கி நீட்டுவான்? ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டவள் எந்த எண்ணைச் சொல்வாள்? வாக்குரிமையில் இன்று இருக்கும் ஓட்டை இது. இரண்டு வீடு உடையவருக்கு ஒரு வாக்குத்தான் இருக்கிறது என்பதன்று. ஒரு வீடும் இல்லாதவனுக்கு அந்த ஒன்றும் நழுவுகிறது என்பதே.

ஆகவே தோழர்களே, வேலை இருக்கிறது. வாடகைக் குடியிருப்புகள் நிறைந்த தெருக்களுக்குச் செல்லுங்கள். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் செல்லுங்கள். பதினெட்டு நிரம்பிய பெண்ணின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். விடுபட்டிருந்தால் படிவத்தை எடுத்து, உடனிருந்து நிரப்பிக் கொடுங்கள். ஒருவர் பெயர் இரண்டிடத்தில் இருந்தால், அவர் மாளிகைவாசியாயினும் நம் கட்சிக்காரராயினும், ஒன்றை நீக்கச் சொல்லுங்கள். கிராம சபையிலும் நகரத்தின் பகுதி சபையிலும் போய் அமர்ந்து கணக்கைக் கேளுங்கள்.

இரண்டு வீடு வைத்திருப்பது குற்றமன்று. உழைத்துச் சேர்த்திருக்கலாம், உவந்து வாழட்டும். ஆனால் வாக்குச் சாவடியின் வாயிலில் வீட்டையும் வரியையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இராணிக்கும் அங்கே ஒன்றுதான். சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டும் கைக்கும் ஒன்றுதான். அந்த ஒன்றை இரண்டாக்கக் கேட்போருக்கு நாம் அளிக்கும் விடை: முதலில் அந்த ஒன்று எல்லோருக்கும் முழுமையாகச் சேரட்டும்!